பிஷப்பின் வெள்ளி விளக்குத்தண்டுகள்: வல்ழான் அவற்றைத் திருடவே இல்லையே?

நூல்வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். நார்மன் மெக்கின்னல் எழுதிய பழைய ஓரங்க நாடகம், பிஷப்பின் மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பற்றியது. இங்கே இருப்பவர்களில் பலரும் பள்ளியில் படித்திருப்பீர்கள். தப்பி வந்த கைதி கத்தியோடு வீட்டுக்குள் நுழைகிறான், பிஷப் சாப்பாடு போடுகிறார், அவன் வெள்ளித் தண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், போலீஸ் பிடித்து இழுத்து வந்ததும் "நான்தான் கொடுத்தேன்" என்கிறார். அவ்வளவுதான் கதை.

அவள் தூங்கின பிறகு சும்மா இருக்க முடியாமல் மூலத்தை எடுத்தேன். விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ள்', 1862. ஐந்து பாகத்தில் முதல் பாகம், இரண்டாம் புத்தகம். படித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கைதி, ழான் வல்ழான், தண்டுகளைத் திருடவே இல்லை! அவன் எடுத்துக்கொண்டு ஓடுவது வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி, ஒரு பெரிய சூப் அகப்பை. மறுநாள் காவலர்கள் அவனைக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான், "தண்டுகளையும் உனக்குக் கொடுத்தேனே, அதை ஏன் விட்டுவிட்டுப் போனாய்? இருநூறு பிராங்க் கிடைக்குமே" என்று பிஷப் எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

இத்தனை வருடமாக அவை திருட்டுப் பொருள் என்றே நினைத்திருக்கிறேன். திருட்டுப் பொருள் என்றால் அதற்கு ஓர் அர்த்தம். திருடாமலே கைக்கு வந்தது என்றால் முழுக்க வேறு அர்த்தம் இல்லையா? இன்னொன்று. பிறகு அவன் கரண்டிகளை விற்றுவிடுகிறான், தண்டுகளை மட்டும் வைத்துக்கொள்கிறான். சாகிறவரைக்கும். திருடியது போய்விட்டது, கொடுத்தது தங்கிவிட்டது. நாவலின் முதுகெலும்பே அதுதான் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு எப்படி?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி மேடம். ஆனால் முதலில் எண்களைப் பார்ப்போம், இது ஹ்யூகோ, மனுஷன் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

வல்ழான் 19 வருடம் தூலோன் கப்பல்தளச் சிறையில் உழைத்தவன். தனக்கு 171 பிராங்க் வரும் என்று மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஞாயிறு, விடுமுறை என்று கழித்தார்கள், அது இது என்று பிடித்தார்கள், கடைசியில் கைக்கு வந்தது 109 பிராங்க் 15 சூ (சூ அந்தக் காலச் சில்லறைக் காசு). அந்த வெள்ளிச் சாமான்களைப் பார்த்ததும் அவன் தலையில் ஓடிய முதல் எண்ணம், 'இருநூறு பிராங்காவது தேறும், 19 வருடச் சம்பாத்தியத்தைப் போல இரண்டு மடங்கு.' அதாவது அவனுக்கு அது வெறும் பொருளாசை இல்லை, வராத கூலி.

பிஷப் பக்கமும் பாருங்கள். வருடச் சம்பளம் 15,000. சொந்தச் செலவுக்கு வைத்துக்கொள்வது 1,000. தன் அரண்மனையைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் குடிபோன ஆள். அவரிடம் மிச்சமிருந்த ஒரே ஆடம்பரம் இந்த வெள்ளி. "வெள்ளியில் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை" என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே திருட்டு நடந்ததில் ஒரு வகையில் அவருக்கும் விடுதலைதான். காலையில் வேலைக்கார அம்மா மக்லுவார் பதறும்போது அவர் சொல்வது, "அது ஏழைகளுடையது. வந்தவன் ஏழைதானே." அடுத்து எதில் சாப்பிடுவது என்று பேச்சு வருகிறது. ஈயம் நாறும், இரும்பு ருசியைக் கெடுக்கும், சரி மரக்கரண்டி என்று முடிவாகிறது. நாவலிலேயே எனக்குப் பிடித்த நகைச்சுவை அது.

தண்டுகள் அவருக்குப் பெரிய அத்தைப் பாட்டி வழியில் சொத்தாக வந்தவை. கரண்டியோடு சேர்த்து அதையும் கழித்துவிட்டார். அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டுமா என்று தெரியவில்லை.

வேப்பம்பூ

கணக்குப்பிள்ளை சார், தண்டுகளும் கரண்டிகளும் ஒன்றில்லை. கரண்டி அவர் தினமும் சாப்பிடுவது. தண்டுகள் சாதாரணமாக அவருடைய கணப்படுப்பின் மேல் சும்மா நிற்கும். விருந்தாளி வந்தால் மட்டும் மேசைக்கு வரும். அதுதான் வீட்டு வழக்கம்.

அந்த ராத்திரி நடப்பதைப் பாருங்கள். ஊரில் ஒரு சத்திரமும் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. நாய்க்கூண்டுக்குள் நுழைந்து அங்கிருந்தும் துரத்தப்பட்டு வந்தவன். விடுதலையான கைதிக்குக் கொடுக்கும் மஞ்சள் சீட்டைக் காட்டி, நான் கைதி, பணம் தருகிறேன் என்று உளறுகிறான். பிஷப் ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை. பேச்சோடு பேச்சாக, "இந்த விளக்கு ரொம்ப மங்கலாக எரிகிறதே" என்கிறார். அவ்வளவுதான். மக்லுவார் அம்மா புரிந்துகொண்டு போய், தண்டுகளை எடுத்து வந்து ஏற்றி மேசையில் வைக்கிறாள்.

எங்கள் ஊரில் என் சின்ன வயதில், வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று தொழுவத்து ஓட்டு இடுக்கில் ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். வீட்டு டம்ளர் அவர்கள் கைக்குப் போகாது. அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் திட்டியதில்லை, சத்தமே இல்லாமல் நடக்கும். ஒரு மனிதனை எங்கே வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்ல வாய் தேவையில்லை, பாத்திரம் போதும் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அதனால் "விளக்கு மங்கல்" என்ற அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். அங்கே அந்த டம்ளர் தலைகீழாகத் திரும்புகிறது.

அதனால் தண்டுகளின் அர்த்தம் கருணை, மன்னிப்பு என்று பெரிய வார்த்தையில் போட எனக்கு மனசில்லை. 'நீ விருந்தாளி', அவ்வளவுதான். ஊர் மக்கள் பிஷப்பைக் கூப்பிடும் பெயரே பியான்வெனு, நல்வரவு என்று அர்த்தம்.

தேரிக்காட்டான்

ஒரு சின்னக் குறுக்கீடு. 'மெழுகுவர்த்தித் தண்டு', 'கேண்டில் ஸ்டாண்ட்' என்றெல்லாம் படிக்கும்போது பிளாஸ்டிக் சாமான் மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கம் கோயிலில் மெழுகுதிரி என்போம். பழைய தமிழ் பைபிளில் மத்தேயுவில் வருவது 'விளக்குத்தண்டு'. மரக்காலுக்குக் கீழே மூடி வைக்காமல் தண்டின்மேல் வைக்கிற விளக்கு. யாத்திராகமத்தில் கூடாரத்துக்குச் செய்யச் சொல்லும் பொன் விளக்கையோ 'குத்துவிளக்கு' என்றே மொழிபெயர்த்துவிட்டார்கள்! ஏழு கிளையோடு ஒரு குத்துவிளக்கு, சின்ன வயதில் எவ்வளவு யோசித்தும் எனக்குப் படம் வரவில்லை.

நம் தலைப்பில் இருக்கும் விளக்குத்தண்டு சரியான சொல். பீடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு திரி எரிவதை நினைத்துக்கொண்டு அந்தச் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். அப்பம், திராட்சை ரசம், ஜோடித் தண்டு. ஹ்யூகோவுக்குத் தெரியாமல் நடந்திருக்காது.

புதுவைக்காரன்

கல்லூரியில் பிரெஞ்சு படித்தபோது இந்தப் பகுதியை வரி வரியாகப் பார்த்தோம். யாரும் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது. நூல்வண்டி அக்கா கேள்விக்கு இரண்டும் நேரடியாகப் பொருந்தும்.

முதலாவது. சாப்பாடு முடிந்ததும் பிஷப் மேசையிலிருந்து ஒரு தண்டைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதை வல்ழான் கையில் கொடுக்கிறார். "ஐயா, உங்கள் அறைக்குக் கூட்டிப் போகிறேன்" என்கிறார். அவன் அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடக்கிறான், படுக்கை பக்கத்தில் இருக்கும் சின்ன மேசையில் வைக்கிறான், கைதிகள் வழக்கப்படி மூக்கால் ஊதி அணைக்கிறான், உடுத்திய துணியோடு விழுந்து தூங்குகிறான். ஆக இரண்டில் ஒரு வெள்ளித் தண்டு ராத்திரி முழுக்க அவன் தலைமாட்டிலேயே இருக்கிறது! அதை விட்டுவிட்டு, அடுத்த அறையில், தூங்குகிற பிஷப்பின் தலைமாட்டு அலமாரியில் இருந்த கரண்டிகளுக்காக எழுந்து போகிறான்.

இரண்டாவதுதான் பெரியது. விடிவதற்கு முன் இரண்டு மணிக்கு விழித்தவன், தன் பையைத் துழாவி ஓர் இரும்புத் துண்டை எடுக்கிறான். ஒரு முனை ஈட்டி மாதிரி கூர். இருட்டில் அது என்ன என்று தெரிவதில்லை, கதைசொல்லி வந்து சொல்கிறார்: பகலாக இருந்திருந்தால் அது சுரங்கக்காரர்களின் விளக்குத்தண்டு என்று அடையாளம் தெரிந்திருக்கும். தூலோனைச் சுற்றியுள்ள குன்றுகளில் கைதிகளைக் கல் உடைக்க விடுவார்கள், அங்கே கிடைக்கும் சாமான். பாறையில் குத்தி நிறுத்துவதற்காக அடிமுனையைக் கூராக்கி இருப்பார்கள்.

அதாவது, பிஷப்பின் மண்டையை உடைப்பதா கையை முத்தமிடுவதா என்று தெரியாமல் அந்த மனிதன் நிற்கும்போது அவன் கையில் ஏற்கெனவே ஒரு விளக்குத்தண்டு இருக்கிறது. சிறை கொடுத்தது. இரும்பு. அலமாரிப் பூட்டை உடைக்க ஓங்குவதும் அதையேதான், சாவி பூட்டிலேயே இருந்ததால் தேவைப்படவில்லை.

எங்கள் பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். வகுப்பில் யாரும் பேசவில்லை.

நூல்வண்டி

தம்பி, கை நடுங்குகிறது எனக்கு. தமிழில் சுருக்கப் பதிப்பு ஒன்றுதான் வைத்திருக்கிறேன். அதில் 'இரும்புத் தடி' என்று போட்டு முடித்துவிட்டார்கள். இரும்புத் தடியாம்! ஒரு வார்த்தையில் நாவலின் பாதி போய்விட்டது.

தலைமாட்டில் இருந்ததை ஏன் அவன் எடுக்கவில்லை? இதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஹ்யூகோ காரணம் எதுவும் சொல்லவில்லையே.

புதுவைக்காரன்

சொல்லவில்லை. வெளிப்படையான காரணம், படுக்கப் போகும்போது மக்லுவார் அம்மா கரண்டிகளை அலமாரியில் வைப்பதை அவன் பார்த்திருந்தான், மனம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் எனக்கு ஒன்று தோன்றும். கையில் கொடுத்து வெளிச்சம் காட்டச் சொன்ன பொருள் அவன் கண்ணுக்கு விலைப்பொருளாகவே படவில்லை. பூட்டி வைத்தது மட்டும்தான் வெள்ளியாகத் தெரிந்தது.

கணக்குப்பிள்ளை

சுரங்கத்தண்டு விஷயம் எனக்கும் புதிது, நன்றி. முன்னால் 'அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டுமா' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் எல்லாரும் ரொம்ப நெகிழ்ந்துபோகிறீர்கள். காவலர்கள் போன பிறகு பிஷப் மெதுவான குரலில் சொல்வதைப் படியுங்கள். "நேர்மையான மனிதனாவதற்கு இந்தப் பணத்தைப் பயன்படுத்துவதாக எனக்கு வாக்குக் கொடுத்தாய், மறக்காதே." வல்ழானுக்கோ வாக்குக் கொடுத்ததாக நினைவே இல்லை, அப்படியே நிற்கிறான். அடுத்த வரி, "உன் ஆன்மாவை நான் உன்னிடமிருந்து விலைக்கு வாங்குகிறேன்." வாங்குகிறேன்! ஹ்யூகோ போட்ட சொல் அதுதான்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் கடன் பத்திரம். கையெழுத்து இல்லாத பத்திரம், அதனால் தீர்க்கவே முடியாது. அசல் இருநூறு பிராங்க். வட்டி ஆயுள் முழுக்க. அவன் ஆலை வைத்தான், ஆஸ்பத்திரிப் படுக்கை போட்டான், அனாதைப் பெண்ணை வளர்த்தான், தன்னைப் பிடிக்க அலைந்த போலீஸ்காரன் ழாவேரையே உயிரோடு விட்டான், கடைசியில் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவளையும் கட்டிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிப் பட்டினி கிடந்து செத்தான். கணப்படுப்பின் மேல் அந்த இரண்டு தண்டும் வட்டிக்காரன் அனுப்பிய ஆள் மாதிரி நின்றுகொண்டே இருந்தன. அது விடுதலையா?

வேப்பம்பூ

சார், உங்களிடம் கடன் வாங்கவே பயமாக இருக்கிறது :)

சாம்பல்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி சரி என்று ஹ்யூகோவே ஒரு காட்சி எழுதியிருக்கிறார். மண்டைக்குள் புயல் அடிக்கும் அத்தியாயம். 1823.

அதற்குள் வல்ழான் மாதலேன் என்ற பெயரில் மோந்த்ரேய்-சூர்-மேர் ஊருக்கு மேயர். கருமணி ஆலை முதலாளி. அவருடைய அறையில் மண்டை ஓடு இருக்கிறது, அது ஒரு குகை என்றெல்லாம் ஊரில் வதந்தி. எட்டிப் பார்க்க வந்த பெண்களுக்குப் பெரிய ஏமாற்றம். சாதாரண மரச்சாமான், இரண்டு பழங்காலத் தண்டு. "வெள்ளிதான் போல, முத்திரை இருக்கிறது" என்று பேசிக்கொள்கிறார்கள். நம்ம ஊர்ச் சீர்வரிசைத் தட்டைத் திருப்பி ஹால்மார்க் பார்க்கும் அத்தைகளேதான். ஹ்யூகோவும் 'சின்ன ஊர்ப் புத்தி' என்று ஒரு குத்துக் குத்திவிட்டுப் போகிறார்.

அந்த ராத்திரிக்கு வருவோம். அவனுக்குப் பதில் ஷாம்மாத்தியூ என்ற ஓர் அப்பாவி அராஸ் நீதிமன்றத்தில் வல்ழான் என்று தண்டிக்கப்படப் போகிறான். வாயை மூடிக்கொண்டால் மேயர் மேயராகவே இருக்கலாம். கதவைத் தாழிட்டு, பழைய பை, தடி, நீலச் சட்டை எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான். பிறகு தண்டுகள் கண்ணில் படுகின்றன. 'வல்ழான் முழுசாக இன்னும் இதற்குள்ளேதான் இருக்கிறான், இதையும் அழிக்க வேண்டும்' என்று இரண்டையும் எடுக்கிறான். உருக்கி ஒரு கட்டியாக்க நெருப்பு போதும் என்று பார்க்கிறான். அதோடு குனிந்து சற்றுக் குளிர் காய்கிறான், "நல்ல சூடு" என்கிறான்! ஒரு தண்டாலேயே தணலைக் கிளறுகிறான். இன்னும் ஒரு நிமிஷம், இரண்டும் நெருப்புக்குள். அப்போதுதான் உள்ளிருந்து அவன் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிடுகிறது. நடுங்கிப்போய்த் திரும்ப எடுத்து அதே இடத்தில் வைத்துவிடுகிறான்.

வெறும் அன்பின் சின்னத்தை யாரும் அப்படி எரிக்கப் பார்க்க மாட்டார்கள். அது உறுத்துகிறது, கணக்குப்பிள்ளை சொல்கிற மாதிரியே. பிஷப் 1821-இல் செத்துப்போனார், வட்டி கேட்க ஆளே இல்லை, அப்போதும் உறுத்துகிறது.

ஆனால் கடன் என்ற வாதத்துக்கு இடைஞ்சலாக இன்னொரு பொருள் அங்கே கிடக்கிறது. நாற்பது சூ நாணயம். பிஷப் வீட்டை விட்டுப் போன அன்றைக்கே, சாவோயிலிருந்து வந்த சின்னப் பையன் பெத்தி ஜெர்வேயிடம் பிடுங்கியது. சாம்பலுக்குள் மின்னுகிறது. இதுவல்லவா உண்மையான கடன்! இதைத் தீர்க்க அவன் வருடக்கணக்காக முயல்கிறான், ஊர் வழியாகப் போகிற ஒவ்வொரு சாவோய்ப் பையனுக்கும் காசு கொடுத்து, பெயர் கேட்டு விசாரிக்கிறான். தண்டுகளுக்காக அவன் யாருக்கும் எதையும் திருப்பித் தர முயன்றதே இல்லை. பிறகு கோர்ட்டில் தானே வல்ழான் என்று ஒப்புக்கொண்டு பிடிபட்டு, சிறையை உடைத்து அறைக்கு வரும்போது என்ன செய்கிறான்? நெருப்பில் கருத்த நாணயத்தையும் தடியின் இரும்பு முனைகளையும் ஒரு தாளில் வைத்து, இவை இன்னவை என்று எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி மேசையில் விட்டுவிடுகிறான். தண்டுகளைப் பழைய சட்டைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு ஓடுகிறான். கடனைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டான். கொடையைக் கையோடு கொண்டுபோகிறான். ஹ்யூகோவே இரண்டையும் பிரித்து வைத்துவிட்டார், நாம் ஏன் கலக்க வேண்டும்?

தேரிக்காட்டான்

சாம்பல், அந்த ராத்திரி இன்னொன்றும் நடக்கிறது. சிஸ்டர் சாம்ப்லீஸ், வாழ்நாளில் பொய்யே சொல்லாத கன்னியாஸ்திரி, அவனைத் தேடி வந்த ழாவேரிடம் அடுத்தடுத்து இரண்டு பொய் சொல்கிறார். இங்கே யாரும் இல்லை, அந்த மனிதனைப் பார்க்கவில்லை. ழாவேர் அவர் வார்த்தையை நம்பிப் போய்விடுகிறான்.

அதாவது தண்டுகள் ஒரு பொய்யால் அவன் கைக்கு வந்தன, இன்னொரு பொய்யால் அவனோடு தப்பிக்கின்றன. இரண்டு பொய்யும் சொன்னது திருச்சபை ஆட்கள். எங்கள் ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியரிடம் இதைக் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்ற குறள் அப்போது தெரிந்திருந்தால் ஒரு அடியாவது குறைந்திருக்கும்.

பழைய ரீல்

படிக்காமல் எட்டிப் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் 1950-இல் வந்த 'ஏழை படும் பாடு'. ராம்நாத் எடுத்தது, நாகையா கந்தன், அதாவது நம் வல்ழான். சுத்தானந்த பாரதியார் செய்த மொழிபெயர்ப்பிலிருந்து வந்த படம். அந்த போலீஸ் வேடத்தில் நடித்த சீதாராமன் அதற்குப் பிறகு ஆயுளுக்கும் 'ஜாவர்' சீதாராமன் ஆகிவிட்டார். வெள்ளித்தண்டு வல்ழானோடு ஒட்டிக்கொண்ட மாதிரி.

கணக்குப்பிள்ளை

சாம்பல், நாணயத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், பத்திரத்தில் ஒரு பக்கம் படிக்காமல் விட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் அந்த 'வாங்குகிறேன்' என்ற சொல் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. விருந்தாளியாக நடத்தியதோடு பிஷப் நிறுத்தியிருக்கலாம். விளக்கை ஏற்றினார், கையில் கொடுத்தார், போதாதா? ஏன் நிபந்தனை?

சாம்பல்

அதற்கு என்னிடமும் பதில் இல்லை. எனக்கும் அந்த வரி முழுசாகப் பிடிக்காது.

புதுவைக்காரன்

கணக்குப்பிள்ளை சார், பதில் இல்லை, ஆனால் ஒரு சொல் இருக்கிறது. பிரெஞ்சில் திரிக்கு மூன்று பெயர். ஷாந்தெல் என்றால் மாட்டுக் கொழுப்பில் செய்த மலிவுத் திரி, புகையும் நாற்றமும் ஏழைகளுக்கு. பூழி என்றால் தேன்மெழுகுத் திரி, வசதியானவர்களுக்கு. (மெழுகு ஏற்றுமதியான அல்ஜீரியத் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்த சொல்.) மூன்றாவது சியெர்ழ், கோயிலில் ஏற்றுவது.

முதல் ராத்திரி சாப்பாட்டு மேசையில் வல்ழான் திக்கித் திணறிச் சொல்வது, "நீங்கள் என்னை இகழவில்லை, வீட்டுக்குள் விட்டீர்கள், எனக்காக உங்கள் சியெர்ழ்களை ஏற்றுகிறீர்கள்." படிக்காத கைதி, சொல்லை மாற்றிப் போட்டுவிட்டான் என்று அந்த இடத்தில் கடந்து போய்விடுவோம்.

பிறகு 1833. பாரிஸில் ஒரு மாடி அறை. சாகப் போகிறான். வெளியே இன்னும் பகல், ஆனால் தண்டுகளில் திரி வைத்து ஏற்றுகிறான். பிணம் கிடக்கும் அறையில் பட்டப்பகலில் ஏற்றுவது போல என்று ஹ்யூகோ எழுதுகிறார். அவன் வளர்த்த கோசெத்தும் அவள் கணவன் மரியுஸும் ஓடி வருகிறார்கள். அவன் சொல்வது, "அந்த இரண்டு தண்டையும் கோசெத்துக்கு விட்டுப் போகிறேன். வெள்ளிதான். ஆனால் எனக்கு அவை தங்கம், வைரம். அதில் வைக்கிற ஷாந்தெல்லை அவை சியெர்ழாக மாற்றிவிடும்."

கொழுப்புத் திரியைக் கோயில் திரியாக மாற்றும் தண்டு. இடையில் 18 வருடம், ஆயிரம் பக்கத்துக்கு மேல். பாதிரியாரைக் கூப்பிடவா என்று கேட்கிறார்கள், "எனக்கு ஒருவர் இருக்கிறார்" என்று தலைக்கு மேலே காட்டுகிறான்.

நீங்கள் கேட்ட நிபந்தனையை அவன் மறக்கவில்லை என்பதும் அங்கே இருக்கிறது. "இவற்றைத் தந்தவர் மேலே என்னைப் பற்றித் திருப்தியாக இருக்கிறாரா தெரியவில்லை. முடிந்ததைச் செய்தேன்." கடன்காரன் பேசுகிற மாதிரியும் இருக்கிறது, மகன் பேசுகிற மாதிரியும் இருக்கிறது.

வேப்பம்பூ

தம்பி, மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து இதைப் படித்தது தப்பு.

நூல்வண்டி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்தக் கடைசி அத்தியாயத்தை நானும் திரும்பப் படித்தேன். ஒரு விஷயம் இடறியது, கேட்டுவிட்டுப் போகிறேன்.

கோசெத்துக்குத் தண்டுகள் கிடைக்கின்றன. 'தந்தவர்' என்று மட்டும்தான் சொல்கிறான், யார் என்று சொல்லவில்லை. பிஷப்பின் பெயர் அந்த அறையில் ஒரு தடவையும் வாய்விட்டு வரவில்லை. பிஷப் இருந்த தீஞ் ஊர், மங்கல் விளக்கு, கரண்டி, காவலர்கள், இரும்புத்தண்டு, எதுவும் அவளுக்குத் தெரியாது. மக்லுவார் அம்மா, பிஷப்பின் தங்கை பாப்திஸ்தீன் பெயரெல்லாம் அவள் காதில் விழுந்தே இருக்காது. அந்தச் சாமானின் முழுக் கதையும் தெரிந்தவர் நாம்தான், வாசகர்கள். அவள் கணப்படுப்பின் மேல் வைத்திருப்பாள், 'அப்பா கொடுத்தது' என்று. அவள் பிள்ளைகள் காலத்தில் 'தாத்தாவுடையது'. அதற்கப்புறம் யாராவது திருப்பிப் பார்த்து முத்திரை இருக்கிறதா என்று தேடுவார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாது. அம்மா அதைப் பாத்திரக் கடையில் போட்டு மாற்றலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தாள், ஆச்சி விடவே மாட்டாள், யார் கொடுத்தது என்று கேட்டால் "அது ஒருத்தர் கொடுத்தது" என்பாள், அவ்வளவுதான். ஆச்சி போய் ஒன்பது வருடம் ஆகிறது. இன்று காலை அக்கா மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சித்தி, இது யாருடையது?" என்று கேட்டாள்.

தேரிக்காட்டான்

என்ன சொன்னீர்கள்?

நூல்வண்டி

"அது ஒருத்தர் கொடுத்தது" என்றேன். வேறு என்ன சொல்ல?